எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் எந்தச் சாதனையை எழுதுவது, எந்த ரிஸ்க்கை எழுதுவது: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு

எங்கட பிள்ளைகள் எழுதுகிற எம்.பி.ஏ. கட்டுரைகளை வாசித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஏ.எல்.இல் மூன்று ஏ, மாவட்ட நிலை, பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு, கணக்கியல் பரீட்சைகள், மாணவர் ஒன்றியச் செயலாளர் என்று சான்றிதழ்க் கோப்பில் இருப்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும். இதெல்லாம் படிவத்தில் வேறு கட்டங்களில் ஏற்கெனவே நிரப்பியாகிவிட்டது. கட்டுரையில் கல்லூரியின் தெரிவுக் குழு தேடுவது இரண்டே விஷயம்: நீங்கள் இருந்ததால் எது மாறியது, அதை மாற்றுவதற்கு நீங்கள் எதை இழக்கத் துணிந்தீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல முடிகிற ஒரு சம்பவம், மாகாண மட்டப் பரிசைவிட நூறு மடங்கு பெறுமதி.

கேள்விகளையே பாருங்கள். ஹார்வர்ட் 2024இல் தன் பழைய ஒற்றைக் கட்டுரையை விட்டுவிட்டு மூன்று சிறிய கட்டுரைகளுக்கு மாறியது. தொழில் பற்றியது 300 சொல், தலைமை பற்றியது 250, வளர்ச்சி பற்றியது 250. 250 சொல் என்பது ஏறக்குறைய ஒரு பக்கம். அதற்குள் ஐந்து சாதனையை அடுக்கினால் ஒன்றுமே நிற்காது. ஸ்டான்ஃபோர்ட், உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்று பல வருடங்களாகக் கேட்டு வருகிறது. பிரான்சின் வணிகக் கல்லூரியான இன்சியாட், மிகவும் பெருமைப்படுகிற சாதனையையும் தோற்றுப்போன ஒரு சந்தர்ப்பத்தையும் ஒரே கட்டுரையில் எழுதச் சொல்லி நீண்ட காலமாகக் கேட்டு வந்த இடம். வார்த்தைகள் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் அந்தந்த வருடத்துக் கேள்வியை அவர்களின் தளத்திலேயே பாருங்கள். ஆனால் அடியில் கேட்பது பெரிதாக மாறுவதில்லை.

சரி, எங்கே தொடங்குவது?

ஒரு கொப்பி எடுங்கள். வேலைக்குப் போன நாளிலிருந்து இன்றுவரை, முடிந்தால் பல்கலைக்கழகக் காலத்தையும் சேர்த்து, நீங்கள் முன்நின்று செய்தவற்றை எழுதுங்கள். சின்னது பெரியது என்று இப்போது பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு விஷயம்: முன்னர் எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், பிறகு எப்படி ஆனது, தவறியிருந்தால் யாருக்கு என்ன போயிருக்கும். இந்த நாலாவதுதான் உரைகல். அந்த இடம் வெறுமையாக இருந்தால் அது நல்ல வேலையாக இருக்கலாம், கட்டுரைக்கு ஆகாது. அங்கே எழுத நிறைய இருந்தால், சம்பவம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் அடையாளம் போட்டு வையுங்கள்.

தேடுகிற இடத்திலும் பிழை விடுகிறோம். அலுவலக வேலையை மட்டும் யோசிப்பார்கள். சனசமூக நிலையத்தின் கணக்கை முதல் தடவையாக எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியது யார்? கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கக் கிளைகள் ஆளுக்கொரு திட்டத்துக்குக் காசு அனுப்ப, இங்கே பாடசாலைக்கு உண்மையில் தேவையானது வேறு என்று அவர்களிடம் எழுதிச் சொன்னது யார்? நுண்கடன் கொம்பனியில் கள உத்தியோகத்தராக இருந்து, ஏற்கெனவே மூன்று இடத்தில் கடன் வாங்கியிருந்த அம்மாவுக்கு நாலாவது கடன் கொடுக்க மறுத்து, அந்த மாத இலக்கைத் தவறவிட்டது யார்? இப்படியான ஆட்கள் எங்கள் ஊரில் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களே இதைச் சாதனை என்று நினைப்பதில்லை, அதுதான் கவலை.

இன்னொரு விஷயத்தை நேராகவே சொல்கிறேன். போர், இடப்பெயர்வு, முகாம். 2009இல் சின்னப் பிள்ளையாக வன்னிக்குள் இருந்து மெனிக் பாம் முகாம் வழியாக வந்தவர்கள் இன்றைக்கு எம்.பி.ஏ. வயதில் இருக்கிறார்கள். அதை எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுத விரும்பினால் எழுதுங்கள், அது உங்கள் வாழ்க்கை, யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஓர் அனுமதிக்காக அந்தக் காயத்தைத் திறந்து காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எழுதினாலும் அதில் இரண்டு வரி போதும். உங்களுக்கு நடந்தது ஒன்று, நீங்களாகத் தெரிவு செய்தது இன்னொன்று, தெரிவுக் குழு எடை போடுவது இரண்டாவதைத்தான். தப்பி வந்தது ரிஸ்க் எடுத்ததாகாது, வேறு வழி இருக்கவில்லை. வந்தபிறகு, இரண்டு வழி இருந்தபோது, கஷ்டமான வழியை ஏன் எடுத்தீர்கள் என்பதில்தான் நீங்கள் தெரிவீர்கள்.

இப்போது ஓர் உதாரணம். இது நானே கட்டியது, ஆனால் ஊரில் யாருக்கும் விளங்கும். சுன்னாகத்தில் மிளகாய்த்தூள் ஆலை வைத்திருக்கிற குடும்பம், மகள் கணக்குப் பார்க்கிறாள். வழக்கமாக எழுதி வருவது இப்படி இருக்கும்:

“2022 பொருளாதார நெருக்கடியின்போது எமது குடும்பத் தொழில் பல சவால்களுக்கு முகங்கொடுத்தது. எனது தலைமைத்துவத்தாலும் அர்ப்பணிப்பாலும் அவற்றை வெற்றிகரமாகக் கடந்தோம்.”

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதே சம்பவத்தை இப்படி எழுதிப் பார்ப்போம்:

“எங்கள் தூளை 60 கடைகள் கடனுக்கு எடுக்கும், காசு 45 நாள் கழித்து வரும். 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வருகிற காசுக்கு அடுத்த மூடை செத்தல் மிளகாய் வாங்க முடியவில்லை. இனிக் கைக்காசுக்குத்தான் சரக்கு என்று மாறுவோம் என்றேன். இருபது வருட வாடிக்கை, முறிந்துவிடும் என்று அப்பா மறுத்தார். பத்துக் கடையில் மட்டும் ஒரு மாதம் பார்க்கிறேன், சரிவராவிட்டால் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அந்தப் பத்தில் நான்கு எங்களை விட்டுப் போயின, அதில் ஒன்று அப்பாவின் சிநேகிதரின் கடை. மற்ற ஆறும் தந்த காசில் அடுத்த கொள்முதல் கடனில்லாமல் நடந்தது. வருட முடிவில் 41 கடைகள் மிஞ்சின. வங்கியில் மேலதிகப் பற்று எடுக்கவில்லை, வேலை செய்த ஒருவரையும் நிற்பாட்டவும் இல்லை.”

தலைமைத்துவம் என்ற சொல்லே இதில் வரவில்லை, கவனித்தீர்களா? எதிர்த்தவர் யார் என்று இருக்கிறது. ரிஸ்க்குக்குப் போட்ட எல்லை இருக்கிறது, பத்துக் கடை, ஒரு மாதம். இழந்ததும் மறைக்கப்படவில்லை, 19 கடைகள் போய்விட்டன, அப்பாவின் சிநேகிதர் உட்பட. எல்லாமே வெற்றியாக முடிகிற கதையை வாசிக்கிறவர் நம்ப மாட்டார். அப்புறம், நேர்முகத்தில் “ஏன் அந்தப் பத்துக் கடையைத் தெரிவு செய்தாய்?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். உண்மையில் செய்தவருக்கு அதற்கு ஐந்து நிமிடம் பேச விஷயம் இருக்கும்.

எழுதும்போது இன்னொன்று. வாசிக்கிறவர் பொஸ்டனிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர். எங்களுக்குச் சொல்லாமலே விளங்குவது அவருக்கு விளங்காது. அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தனியார் கொம்பனிக்குப் போனேன் என்று எழுதினால், அவருக்கு அது ஒரு சாதாரண வேலை மாற்றம். இங்கே அதன் அர்த்தம் என்ன என்று உங்களுக்குத் தெரியும்: ஓய்வூதியம் போகும், கலியாணப் பேச்சில் கேள்வி வரும், அம்மா ஒரு மாதம் சரியாகக் கதைக்க மாட்டா. இந்த ஊரில் நிரந்தர நியமனம் என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன பெறுமதி என்பதை ஒரே ஒரு வசனத்தில் அவருக்குச் சொல்லுங்கள், அதற்குமேல் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். தனியாகக் கொழும்பில் அறை எடுத்துத் தங்கியதும், மாலை ஆறு மணிக்குப் பிறகு களத்துக்குப் போனதும், வீட்டில் எவ்வளவு பேச்சுக்குப் பிறகு நடந்தது என்று வாசிக்கிறவருக்குத் தெரிய வழியில்லை.

தற்பெருமை கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் எல்லா வசனமும் “நாங்கள்” என்றே வரும். நாங்கள் திட்டமிட்டோம், நாங்கள் செய்தோம். குழுவாகச் செய்ததைக் குழுவாகச் செய்தது என்றே எழுதுங்கள், அதுதான் நேர்மை. ஆனால் அதற்குள் உங்கள் பங்கு எது என்று பிரித்துக் காட்டாவிட்டால், அந்தக் குழுவில் யாரைச் சேர்ப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியது நீங்கள் என்றால் “நான்” என்று எழுதுங்கள். அதில் கர்வம் ஒன்றுமில்லை, தகவல்தான். இது வராமல் தவிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் தமிழில் ஒரு சிநேகிதருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், போனில் பதிவு செய்யுங்கள். கேட்கிறவர் எந்த இடத்தில் “பிறகு?” என்று கேட்கிறாரோ அந்த இடம் கட்டுரைக்கு வேண்டும். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம். நேரே ஆங்கிலத்தில் தொடங்குகிறவர்களுக்குப் பாடப்புத்தகச் சொற்கள்தான் முதலில் வந்து விழும்.

எல்லா ரிஸ்க்கும் எழுதத் தக்கதல்ல. வட்டிக்கு வாங்கி கிரிப்டோவில் போட்டது, யாரோ சொன்னார் என்று சங்கிலித் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தது, இலாபம் வந்திருந்தாலும் எழுத வேண்டாம். இழப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும், அந்த இழப்பைப் பிறர் தலையில் கட்டாமல் நீங்கள் தாங்கத் தயாராக இருந்திருக்க வேண்டும். அப்பாவின் காணி உறுதியை அடகு வைத்துத் தொடங்கிய தொழிலைப் பற்றி எழுதினால், அப்பாவோடு என்ன பேசினீர்கள், நட்டம் வந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்பதும் வர வேண்டும்.

தோல்வியைக் கேட்டால் தோல்வியையே எழுதுங்கள். “நான் அளவுக்கு மிஞ்சி உழைப்பவன், அதுதான் என் குறை” என்று எழுதுவதை அவர்கள் ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். ஆள் சேர்த்ததில் விட்ட பிழை, விலை போட்டதில் விட்ட பிழை, சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்லாமல் விட்டது, இப்படி உங்கள் முடிவால் வந்ததாக இருக்கட்டும். பல்கலைக்கழகப் பட்டம் கொரோனாவாலும் நெருக்கடியாலும் இழுபட்டது உங்கள் தோல்வி அல்ல, அதை மேலதிகத் தகவல் என்று தருகிற பகுதியில் இரண்டு வரியில் விளக்கினால் போதும்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், இப்போது ஏ.ஐ.யும் எழுதித் தருகிறது. இலக்கணம் பார்க்க உதவி எடுங்கள், பரவாயில்லை, ஆனால் சம்பவத்தை வெளியில் வாங்காதீர்கள். பல பெரிய கல்லூரிகள் இடம் கொடுத்த பிறகு வேலை, பட்டம், பரிந்துரையாளர் எல்லாவற்றையும் சரிபார்க்கின்றன. பிழை பிடிபட்டால் கொடுத்த இடத்தையே திருப்பி எடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பத்துப் பேரை வழிநடத்தினேன் என்று எழுதிவிட்டு, மேலாளரின் பரிந்துரைக் கடிதத்தில் நான்கு பேர் என்று வந்தால் அதோடு முடிந்தது.

அந்தக் கடிதத்துக்கு எங்கள் ஆட்கள் தேடிப் போவது அதிபரை, பேராசிரியரை, தெரிந்த அரசியல்வாதியை. பெரிய பெயர் தேவையில்லை. உங்கள் வேலையைத் தினமும் பார்த்த, நீங்கள் ஒரு தடவை எதிர்த்துப் பேசியதையும் பார்த்த மேலாளர் போதும். அவருக்கு ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள், எந்த மாதம் என்ன செய்தேன், என்ன எண்ணிக்கை மாறியது என்று. கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஊர் வழக்கம் வேண்டாம். கடிதமும் கட்டுரையும் ஒரே நடையில் இருப்பது வாசித்த உடனே தெரிந்துவிடும்.

வெளிநாடு போகாமல் யாழ். பல்கலைக்கழகத்திலோ கொழும்பிலோ எம்.பி.ஏ. செய்ய நினைப்பவர்களுக்கும் அந்தக் கொப்பி வீண்போகாது, நேர்முகத்தில் பேச அதுவே போதும். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்குப் போடுகிறவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஈடான 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது நிற்க வேண்டும். அங்கே தலைமை பற்றிய கேள்விக்கு ஊரில் செய்ததுதான் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் திரும்பி வந்து என்ன செய்வேன் என்று சொல்வதை அது நம்ப வைக்கும்.

காலக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் முதற்சுற்று பெரும்பாலும் செப்டெம்பரில் முடியும், இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்தில். எம்.பி.ஏ. அனுமதிக்கு எழுதுகிற ஜீமேட் பரீட்சையின் புள்ளி ஐந்து வருடம் செல்லுபடியாகும், ஆகையால் அதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா, வெளிநாட்டு உறவுகள் எல்லாம் வீட்டில் நிற்கும், இருந்து எழுத ஒரு மேசை கூடக் கிடைக்காது. முதற்சுற்றுக்குப் போடுவதானால் கொப்பி வேலையை மே மாதத்துக்குள் முடித்து, யூனில் பரிந்துரையாளர்களிடம் பேசி, யூலை முடிய முன்னர் கட்டுரைகளின் முதல் வரைவைக் கையில் வைத்திருங்கள். ஓகஸ்டில் திருத்த மட்டும் மிச்சம் இருக்கும்.