பழங்கால ஐரோப்பிய ஜெல்லி, ஜாம் குறிப்புகளைச் செய்து பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

1600களிலோ 1700களிலோ எழுதிய ஆங்கிலச் சமையல் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பழ ஜெல்லி செய்ய இறங்குபவர்களில் பலர் முதல் வரியிலேயே, அதாவது அளவிலேயே, சறுக்குகிறார்கள். ‘ஒரு பைண்ட் சாறுக்கு ஒரு பவுண்டு சர்க்கரை’ என்று இருக்கும். அந்த பைண்ட் பெரும்பாலும் பழைய ஒயின் அளவை, சுமார் 473 மில்லி. பிரிட்டனில் இன்று வழங்கும் 568 மில்லி பைண்ட், 1824ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. இன்றைய பைண்ட்டால் அளந்தால் ஐந்தில் ஒரு பங்கு சாறு கூடிவிடும். கூடுதல் நீர் வற்ற அதிக நேரம் கொதிக்க வேண்டும். அதற்குள் நிறம் மங்கி, பழ வாசனையும் போய்விடும். பிரெஞ்சுக் குறிப்பு என்றால் வேறு கணக்கு. பாரிஸ் பவுண்டு சுமார் 489 கிராம், ஆங்கிலப் பவுண்டு 454தான்.

அடுத்தது சர்க்கரை. அன்று அது கூம்பு வடிவக் கட்டிகளாக விற்றது. வெட்டி, நீரில் கரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் காய்ச்சி, மேலே திரளும் அழுக்கை எடுத்தெறிந்த பிறகுதான் பாகு தெளியும். இன்றைய வெள்ளைச் சர்க்கரைக்கு அந்த வேலை தேவையில்லை. அதைவிடப் பெரிய தவறு, ‘பழைய காலம்தானே’ என்று பழுப்புச் சர்க்கரையைக் கொட்டுவது. வசதியான வீட்டுச் சமையலறைகள் தேடியது இருமுறை சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையைத்தான். பழத்தின் நிறம் கண்ணாடி போலத் தெரிய வேண்டும் என்பதே அவர்களுடைய பெருமை.

ஜெல்லி உறையக் காரணமான பெக்டினுக்கு ஹென்றி பிராகோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பெயர் வைத்தது 1825இல்தான். அதற்கு முன்பு யாருக்கும் பெயர் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும். அதனால்தான் குறிப்புகளில் முழுதாகப் பழுக்காத ஆப்பிளைக் கேட்பார்கள். செர்ரியோடு ரெட்கரண்ட் என்ற புளிப்பான சிறு சிவப்புப் பழத்தின் சாற்றையும், பாதாமி (ஏப்ரிகாட்) ஜாமில் ஆப்பிள் வேகவைத்த நீரையும் சேர்ப்பார்கள். ‘இது எதற்கு, பழமே போதுமே’ என்று அதை விட்டுவிட்டுக் கனிந்த பழத்தை மட்டும் போட்டால், மணிக்கணக்கில் கிளறினாலும் கிடைப்பது பாகுதான். காயாக இருப்பதில் பெக்டினும் புளிப்பும் அதிகம். நன்றாகக் கனிந்தால் இரண்டும் குறைந்துவிடும்.

குவின்ஸ் பழத்தின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பேரிக்காய்க்கு உறவு, பச்சையாகக் கடித்தால் துவர்க்கும். ஜோசியத்தால் பெயர் பெற்ற நாஸ்ட்ரடாமஸ் 1555இல் இனிப்புப் பதார்த்தக் குறிப்புகளையும் அச்சிட்டார். அதில் குவின்ஸைத் தோலோடு வேகவைக்கச் சொல்கிறார், மணம் தோலில் இருக்கிறது என்று. தோலிலும் நடுப்பகுதியிலும் பெக்டினும் நிறைய உண்டு. சுத்தமாகச் சீவி விதையை நீக்கித்தான் வேகவைப்பேன் என்பவர்கள், உறைய வைப்பதையே குப்பையில் போடுகிறார்கள். ஒரே பழத்தில் வெள்ளை, சிவப்பு என இரண்டு விதம் செய்தார்கள். வெள்ளை வேண்டுமானால் திறந்த பாத்திரத்தில் தளதளவென்று சீக்கிரம் கொதிக்க விட வேண்டும். சிவப்பு வேண்டுமானால் நன்றாக மூடி, சிறு தீயில் நெடுநேரம். பழத்தில் உள்ள நிறமற்ற துவர்ப்புப் பொருட்கள் புளிப்பும் வெப்பமும் சேர்ந்து மெல்லச் சிவப்பு நிறமிகளாக மாறுகின்றன. வெளிர் மஞ்சள் முதலில் ஆரஞ்சாகி, அப்புறம் மாணிக்கச் சிவப்பாகும். ‘மூடி வை’ என்ற இரண்டு சொல்லைப் பொருட்படுத்தாமல் திறந்து வைத்து அவசரமாகக் காய்ச்சிவிட்டு, கடைசியில் கலர்ப் பொடி தேடுகிறவர்கள் உண்டு.

முழுப் பழத்தைப் பாகில் பதப்படுத்தும்போதும் இதே அவசரம்தான். கெட்டியான பாகில் பழத்தை நேரடியாகப் போட்டால், உள்ளே இருக்கும் நீர் சட்டென்று வெளியேறி, பழம் சுருங்கித் தோல் தடித்துவிடும். பழைய முறையில் நீர்த்த பாகில் ஆரம்பித்து, பழத்தை ஊறவிட்டு, மறுநாள் பாகை மட்டும் வடித்துக் கொஞ்சம் வற்றவைத்து மீண்டும் ஊற்றுவார்கள். இப்படிப் பல நாள். ஒரே நாளில் முடித்துவிட வழி இல்லையா என்றால், நல்ல வழி இல்லை.

சாற்றைப் பிளானல் துணியில் வடிக்கும்போது பிழியாதீர்கள், கலங்கிவிடும். பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விடுவது அன்றும் உண்டு, இன்றும் போதும். தெர்மாமீட்டர் இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸ்.

இதுவரை சொன்னவற்றில் தவறினால் ருசிதான் கெடும். இனி வருபவை உடம்பைக் கெடுப்பவை.

பித்தளைப் பாத்திரத்தில் மணிக்கணக்கில் வைத்துக் காய்களைப் பச்சைப் பசேலென்று ஆக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அந்தப் பச்சை, செம்பு கரைந்து வந்த நிறம். ஃபிரெடரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர் 1820லேயே இதைக் கண்டித்து எழுதினார். ஈயம் பூசாத செம்புச் சட்டியில் சர்க்கரை சேர்த்த ஜாமைக் காய்ச்சலாம். ஆனால் வேலை முடிந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். எவர்சில்வர் இருக்கும்போது இந்த வம்பே வேண்டாம்.

பிராந்தியில் நனைத்த காகிதத்தை மேலே ஒட்டி, பன்றியின் சிறுநீர்ப்பையால் வாய் கட்டிய ஜாடிகளைப் படத்தில் பார்த்து ஆசைப்படாதீர்கள். காற்று புகும், பூஞ்சணம் பிடிக்கும். மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைச் சாப்பிடுவது அன்றைய பழக்கம். பூஞ்சணத்தின் நச்சு அடியிலும் இறங்கியிருக்கலாம் என்பதால் இன்று மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். கொதிநீரில் சுத்தம் செய்த, இறுக மூடும் கண்ணாடி ஜாடிதான் சரி.

பாதாமி ஜாமில் கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பையும் சேர்க்கச் சொல்வார்கள், கசந்த வாதுமை மணத்துக்காக. அந்தப் பருப்பில் உள்ள அமிக்டாலின் வயிற்றில் சயனைடாக மாறும். மணம் வேண்டுமென்றால் ஒரு சொட்டு வாதுமை எசென்ஸ் போதும், பருப்பைச் சேர்க்காதீர்கள்.