ஒரு வேர், பல பொருள்: ‘ளரப’வை வைத்து அரபு வேர்ச்சொல்லைப் படிக்கும் முறை

‘ளரப’ என்றால் அடித்தான். அரபு இலக்கணம் தொடங்கும் யாருக்கும் முதல் வாரத்திலேயே மனப்பாடமாகிவிடும் சொல் இது. வினைத்திரிபு வாய்பாட்டுக்கு இலக்கண ஆசிரியர்கள் காலங்காலமாக எடுத்துக்கொண்ட மாதிரியும் இதுவே: ளரப, யள்ரிபு, ளர்பன். பிறகு பழைய நூல் ஒன்றைத் திறந்தால் ‘பூமியில் அடித்தார்கள்’, ‘உவமையை அடித்தான்’, ‘காதுகள் மேல் அடித்தோம்’ என்று வரிசையாக வந்து நிற்கும். அகராதியைப் பார்த்தால் பக்கம் பக்கமாகப் பொருள். அதில் தேன் இருக்கிறது, உறைபனி இருக்கிறது, வரி இருக்கிறது. அந்தக் குவியலில் நமக்கு வேண்டியதைப் பிழையில்லாமல் எடுக்கும் வழியை இந்த ஒரு வேரை (பல சொற்கள் பிறக்கும் அடிப்படை எழுத்துகள், பெரும்பாலும் மூன்று) வைத்தே பார்ப்போம்.

முதலில் எழுத்தை உறுதி செய்யுங்கள்

தமிழ் எழுத்தில் உள்ள அரபுச் சொல்லை வைத்துக்கொண்டு அகராதிக்குப் போகக் கூடாது. ‘கல்பு’ என்று எழுதினால் இதயமும் அதுதான், நாயும் அதுதான். இதயத்துக்கு 21ஆவது எழுத்தான காஃப், நாய்க்கு 22ஆவது எழுத்தான காஃப். ‘அமல்படுத்து’ என்று நாம் சொல்லும் அமல் ஐன் எழுத்தில் தொடங்குகிறது. செயல் என்று பொருள். ஹம்ஸாவில் தொடங்கும் இன்னொரு அமல் உண்டு. அதற்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள். தமிழில் இரண்டும் ஒரே எழுத்துக் கூட்டல்.

நம் வேரின் எழுத்துகள் ளாத், ரா, பா. ளாத் 15ஆவது எழுத்து. இதையே ஆங்கில எழுத்தில், கீழ்ப்புள்ளி இல்லாமல் எழுதியிருந்தால் தால், ரா, பா என்ற வேறொரு வேரோடு கலந்துவிடும். அந்த வேரில் ‘தர்ப்’ என்றால் பாதை, ‘தத்ரீப்’ என்றால் பயிற்சி. இரண்டுக்கும் உறவு தேடிப் புறப்பட்டால் முழு நாளும் வீண். மூல அரபு எழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படி.

சொல்லை உரித்து வேரை எடுத்தல்

வேர் எழுத்துகளோடு கூடுதலாகச் சேரக்கூடியவை பத்து எழுத்துகள் மட்டுமே. ‘ஸஅல்துமூனீஹா’ என்ற ஒரே சொல்லில் அவை அடங்கும்: ஸீன், ஹம்ஸா, லாம், தா, மீம், வாவ், நூன், யா, சிறிய ஹா, அலிஃப். இந்தப் பட்டியலில் இல்லாத எழுத்து சொல்லில் இருந்தால் அது பெரும்பாலும் வேர் எழுத்து; விதிவிலக்கைக் கீழே சொல்கிறோம். மறுதலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: இந்தப் பத்தும் வேரிலும் வரும்.

‘முளாரபா’வில் மீம், அலிஃப், கடைசித் தா ஆகியவற்றைக் கழித்தால் ளாத், ரா, பா மிஞ்சும். எளிது. சிக்கல் ‘இள்திராப்’ போன்ற சொற்களில். குழப்பம், கொந்தளிப்பு என்ற பொருளுள்ள இச்சொல்லில் தடித்த ‘தோ’ எழுத்து ஒன்று தெரியும். அது பத்தில் இல்லை, ஆகவே வேர் எழுத்து என்று நினைப்பார்கள். உண்மையில் அது எட்டாம் பாபுக்குரிய (பாபு என்பது வேரிலிருந்து வினை உருவாகும் வாய்பாடு) சாதாரண ‘தா’. ளாத், ஸாத், தோ, ளோ ஆகிய தடித்த எழுத்துகளுக்குப் பின்னால் வரும்போது அதுவும் தடித்துப்போகிறது. ‘இஸ்திலாஹ்’ ஸாத், லாம், ஹா என்ற வேருக்குப் போவதும் இதனால்தான். ஸாய் எழுத்துக்குப் பின்னால் அதே ‘தா’ தால் ஆகும்: ‘இஸ்திஹாம்’ என்ற நெரிசலின் வேர் ஸாய், ஹா, மீம்.

இன்னும் மூன்று குறிப்புகள் போதும். மூன்றெழுத்து வினையின் நடுவில் நிற்கும் அலிஃப் வேர் ஆகாது, அங்கே வாவோ யாவோ மறைந்திருக்கிறது. நிகழ்கால வினையைப் பார்த்தால் வெளிவரும் (‘கால’, சொன்னான் – ‘யகூலு’). இரண்டே எழுத்தும் கடைசித் தாவும் மிஞ்சினால் முதலில் ஒரு வாவ் உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்: ‘ஸிலா’வுக்கு வாவ், ஸாத், லாம். ‘இத்த’ என்று இரட்டித்துத் தொடங்கும் சொல்லிலும் பெரும்பாலும் வாவ்தான் (இத்திஸால், இத்திஃபாக்), ஆனால் ‘இத்திபாஉ’ என்பதில் தா உண்மையாகவே வேர்.

எந்த அகராதியில், எந்தப் பக்கத்தில்

பழைய அகராதிகள் எல்லாம் ஒரே வரிசையில் இல்லை. இது தெரியாமல் தேடிவிட்டு, ‘இந்தச் சொல் இதில் இல்லை’ என்று மூடிவிடுகிறார்கள்.

இப்னு மன்ளூரின் லிஸானுல் அரப், ஃபைரூஸாபாதியின் காமூஸ் இரண்டும் கடைசி எழுத்து வரிசை. ஆக ளரப வேண்டுமானால் முதலில் பா அதிகாரம், அதற்குள் ளாத் பிரிவு, பிறகு ரா. கலீலின் கிதாபுல் ஐன் தொண்டையிலிருந்து உதடு நோக்கி ஒலி பிறக்கும் இட வரிசையில் போகிறது, அதனால்தான் ஐனில் தொடங்குகிறது. மேலும் மூன்று எழுத்தை முன்பின் மாற்றினால் வரும் ஆறு வேர்களையும் அவர் ஒரே இடத்தில் வைக்கிறார். ளரபவைத் தேடும்போது பக்கத்திலேயே ‘ரபள’ (ஆடு படுத்தது) வரும். அதைத் தவறுதலாக நம் பட்டியலில் எழுதிவிடாதீர்கள். ஸமக்ஷரியின் அஸாஸுல் பலாகா இன்றைய வழக்கம்போல முதல் எழுத்து வரிசை. நேர்ப்பொருள் முடிந்ததும் ‘மஜாஸிலிருந்து’ என்று சொல்லி அணிப்பொருளைத் தனியாகத் தருவது அதன் பெரும் உதவி. லேன் தொகுத்த அரபு–ஆங்கில அகராதியும் முதல் எழுத்து வரிசைதான். 1863 முதல் 1893 வரை எட்டுப் பாகங்களாக வந்தது. லேன் 1876இல் காலமானதால் 21ஆவது எழுத்தை ஒட்டிய பகுதியிலிருந்து இறுதிவரை அது மெலிந்துவிடும். ளாத் அதற்கு முன்னால் இருப்பதால் நமக்கு முழுமையாகக் கிடைக்கிறது.

வேரின் மையப்பொருளுக்கு இரண்டு நூல்கள். இப்னு ஃபாரிஸின் மகாயீஸுல் லுகா ஒவ்வொரு வேருக்கும் எத்தனை மூலப்பொருள் என்று எண்ணிச் சொல்லும். ளரபவுக்கு அவர் தீர்ப்பு: மூலம் ஒன்றே, மற்றவை அதிலிருந்து இரவல் பெற்றவை. ராகிப் இஸ்ஃபஹானியின் முஃப்ரதாத் குர்ஆன் சொற்களுக்கானது. ஒரு பொருளின் மேல் இன்னொன்றை விழச் செய்வதே ‘ளர்ப்’ என்று அவர் வரையறுக்கிறார். இந்த ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டால் கூடாரமும் நாணயமும் பயணமும் பிடிபடும்: முளையின் மேல் சுத்தியல், உலோகத்தின் மேல் அச்சு, மண்ணின் மேல் கால்.

பொருளைப் பிரிக்கும் வேலை

வேலையின் நடுப்பகுதி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிச் சீட்டு. சீட்டில் ஐந்து விவரம்: எந்த பாபு, கூட வரும் இடைச்சொல், செயப்படுபொருள், சான்று, எந்தத் துறை அல்லது காலம். ஐந்தும் நிரம்பாத சீட்டை நம்பக் கூடாது.

குர்ஆனிலிருந்தே சில சீட்டுகளைப் பார்க்கலாம் (அடைப்பில் அத்தியாயமும் வசனமும்). ‘பி’ என்ற இடைச்சொல்லோடு கைத்தடி வந்தால் நேரான அடி: பாறையை உன் தடியால் அடி (2:60). ‘ஃபில் அர்ள்’, அதாவது பூமியில், என்று வந்தால் பயணம் (4:101). செயப்படுபொருள் ‘மஸல்’ ஆனால் உவமை எடுத்துச் சொல்லுதல் (14:24). ‘அலா’வும் காதுகளும் வந்தால் கேளாதபடி உறங்கச் செய்தல் (18:11). ‘அன்’ வந்தால் திசையே மாறிவிடுகிறது, விலக்கிவிடுதல் (43:5). ‘பைன’வும் சுவரும் வந்தால் இடையில் எழுப்புதல் (57:13). வினை அதே மூன்றெழுத்து. பொருளைத் தீர்மானித்தவை பக்கத்தில் நின்ற சொற்கள்.

இடைச்சொல் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். ‘ஐந்தை ஆறில் அடி’ என்றால் பெருக்கு, விடை முப்பது. அங்கேயும் ‘ஃபீ’ தான் வருகிறது, பயணத்துக்கு வந்த அதே ‘ஃபீ’. பக்கத்தில் பூமியா எண்ணா என்று பார்த்தால்தான் தெரியும்.

செயப்படுபொருள் காசு என்றால் நாணயம் அச்சிடுதல். உமையாக்கள் என்ற கலீஃபா வம்சத்தின் சீர்திருத்தத் திர்ஹம் வெள்ளிக்காசுகளில், ஹிஜ்ரி 79 முதல், ‘இந்தத் திர்ஹம் இன்ன ஊரில் அடிக்கப்பட்டது’ என்று இதே வேரில் ‘ளுரிப’ பொறித்திருக்கும். அக்கசாலைக்கு ‘தாருல் ளர்ப்’ என்றே பெயர். இங்கிருந்துதான் மிக அழகான ஒரு கிளை பிரிகிறது. ஒரே அச்சில் அடித்தவை ஒரே மாதிரி இருப்பதால் ‘ளர்ப்’ என்றால் வகை, இனம். மனிதன் எந்த அச்சில் வார்க்கப்பட்டானோ அது அவன் ‘ளரீபா’, இயல்பு. இன்றைய அரபில் ளரீபா என்றால் வரி. பழைய கவிதையில் ஒருவரை ‘ளரீபா நல்லவர்’ என்று புகழ்ந்தால் குணத்தைச் சொல்கிறார்கள், வரி கட்டியதை இல்லை.

பாபு மாறும்போது தனிச்சீட்டு கட்டாயம். நான்காம் பாபில் ‘அள்ரப அன்’ என்றால் ஒன்றை விட்டு ஒதுங்கினான்; வேலைநிறுத்தத்துக்கு இன்று ‘இள்ராப்’ என்பது இதன் நீட்சி. மூன்றாம் பாபின் ‘முளாரபா’ ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து, லாபத்தைப் பங்கிடும் வணிகம். பயணத்தோடு இதை இணைத்து விளக்குவது வழக்கம். பத்தாம் பாபில் ‘இஸ்தள்ரப’ என்றால் தேன் வெளுத்துக் கெட்டியானது. ‘ளரப்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு வெண்மையான கெட்டித் தேன் என்று பொருள், அதிலிருந்து பிறந்த வினை இது.

துறைச்சொல்லையும் ஒதுக்கி வையுங்கள். யாப்பில் ‘ளர்ப்’ என்பது அடியின் இரண்டாம் பாதியில் கடைசிச் சீர். ஹதீஸ் (நபிமொழி) கலையில் ‘முள்தரிப்’ என்பது ஒன்றுக்கொன்று சமமான பலத்தில் முரண்படும் அறிவிப்பு.

எங்கே தவறுகிறோம்

தமிழருக்கென்றே ஒரு கண்ணி உண்டு. நாமும் கூடாரம் அடிக்கிறோம், காசு அடிக்கிறோம், முரசு அடிக்கிறோம்; மூன்றுக்கும் அரபியில் ளரபதான். இந்த ஒற்றுமை தரும் மகிழ்ச்சியில் மற்ற இடங்களிலும் ‘அடி’யைப் போட்டுவிடுவோம். வெயில் அடிப்பதும் நாற்றம் அடிப்பதும் தமிழின் சொத்து, ளரபவுக்கு அங்கே வேலையில்லை. அரபியின் பயணத்துக்கும் உவமைக்கும் தமிழ் அடி பொருந்தாது. மொழிபெயர்க்கும்போது சீட்டில் உள்ள பொருளை எழுதுங்கள், வேரின் பொருளை எழுதாதீர்கள்.

அடுத்த தவறு, எல்லாப் பொருளையும் மையத்தோடு கட்டிப்போட முயல்வது. ‘ளரீப்’ என்ற ஒரே சொல்லுக்கு நிகரானவர், உறைபனி, பல ஒட்டகங்களில் கறந்து கலந்த பால் என்று பொருள்கள் உண்டு. நிகருக்கு அச்சு விளக்கம் தரும். மற்றவற்றுக்கு அகராதி காரணம் தராதபோது நாமாக ஒன்றைப் புனையக் கூடாது. ‘தொடர்பு காட்டப்படவில்லை’ என்று சீட்டில் எழுதி நகர வேண்டும்.

மூன்றாவது, வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு அரபு வேர் தேடுவது. திர்ஹம் கிரேக்கத்து திராக்மாவிலிருந்து வந்தது. ‘கலம்’ (எழுதுகோல்) கிரேக்கத்து காலமோஸ். அகராதியில் அது ‘நகம் வெட்டினான்’ என்ற வினையோடு ஒரே தலைப்பில் நிற்பதைப் பார்த்து, சீவுவதால் கலம் என்று சொன்னவர்கள் உண்டு.

அறிஞர்களே ஒத்துப்போகாத இடமும் வரும். நகரம் என்ற பொருளுள்ள ‘மதீனா’வை மீம், தால், நூன் என்ற வேரிலிருந்து தங்குமிடம் என்பாரும் உண்டு, தால், யா, நூன் என்பாரும் உண்டு. அங்கே பன்மை வடிவத்தைப் பாருங்கள். ‘மதாஇன்’ என்று ஹம்ஸாவோடு வருவது முதல் வேருக்கு ஆதரவு, ஏனெனில் யா வேர் எழுத்தாக இருந்தால் அது ஹம்ஸாவாக மாறாமல் ‘மதாயின்’ என்றே நின்றிருக்க வேண்டும். சீட்டில் இரண்டு கருத்தையும் எழுதி, பன்மையைச் சான்றாக அருகில் குறித்துவிடுங்கள்.