மாமர நிழலில் இட்லிப்பூ: மஞ்சள் இலை தெளிந்த கதை

எங்கள் கொல்லையில் மாமரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு இட்லிப்பூச் செடி. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டியது, துளிரெல்லாம் மஞ்சளாகவே விட்டது. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் வெளிறல். அடி இலைகளோ நன்றாகவே இருந்தன. நிழல்தான் காரணம் என்றார்கள். நிழலில் பூ குறையும், ஆனால் இலை இப்படி வெளுக்காது. துளிரில் தொடங்கும் இந்த மஞ்சள் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

இட்லிப்பூவுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் பக்கெட் முழுக்க வெள்ளை படியும்; சுவரோரம் சிமெண்ட், சுண்ணாம்புக் கட்டிகள் வேறு. இவற்றின் சுண்ணாம்பால் மண் காரத்தன்மைக்கு மாறிவிட்டால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

வேர் அறுபடாமல் மேலாகக் கிளறிக் கட்டிகளைப் பொறுக்கினேன். மக்கிய உரம் போட்டு, மேலே காய்ந்த மாவிலைகளைப் பரப்பினேன். அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து வடிகட்டி, வெயில் தாழ்ந்ததும் இலையின் இருபுறமும் தெளித்தேன். அன்னபேதி உரக்கடையில் கிடைக்கும். தரையில் சிந்தினால் துருக்கறை லேசில் போகாது, கவனம். சில நாள் விட்டுவிட்டுத் தெளித்ததில், அடுத்த துளிர் செம்பழுப்பாக வந்து அடர்பச்சைக்கு மாறியது. எவ்வளவு சந்தோஷம்! முன்பே வெளுத்த இலைகள் முழுதாகத் தேறவில்லை.

மாமரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்ததும் காலை வெயில் விழுந்து பூவும் கூடியது. இட்லிப்பூச் செடிக்குக் கவாத்து (கிளை வெட்டுவது) மட்டும் பூ முடிந்த கையோடு செய்துவிடுங்கள்; கிளை நுனியில்தான் அடுத்த கொத்து வரும்.