ஏபுஷ் படிக்கும் பிள்ளைகளுக்கு: 1607 முதல் 1800 வரை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் 'ஏபுஷ்' என்ற பெயர் பழகியிருக்கும். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் 'ஏபி' பாடங்களில் ஒன்றான அமெரிக்க வரலாற்றைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் பலர் திணறுவது தொடக்கத்திலேயே, 1607 முதல் 1800 வரையிலான இரண்டு காலப்பகுதிகளில். சட்டங்களின் பெயர்களும் ஆண்டுகளும் அவ்வளவு நெருக்கமாக வரும். என் மகள் இதைப் படித்தபோது நானும் கூடவே உட்கார்ந்து படித்தேன். அவளுக்குக் கைகொடுத்த வழியை இங்கே எழுதுகிறேன். ஏபி எடுக்காமல் சாதாரண அமெரிக்க வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

பதின்மூன்று காலனிகள் எவை, வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி

"வரி போடும் அதிகாரம் யாருக்கு?" என்று பெரிதாக எழுதி வையுங்கள். இந்த இருநூறு ஆண்டுகளில் நடந்தவற்றில் பாதிக்கு மேல் இதோடு ஒட்டிக்கொள்ளும். 1619இல் வர்ஜீனியாவில் குடியேறியவர்களின் பிரதிநிதிகள் அடங்கிய பர்ஜெஸ்ஸஸ் சபை கூடியது. அப்புறம் மற்ற காலனிகளிலும் இப்படிச் சபைகள் வந்தன. ஆளுநரை லண்டன் அனுப்பும். ஆனால் பல காலனிகளில் அவருடைய சம்பளத்தை ஒதுக்கியது உள்ளூர் சபைதான். சம்பளம் கொடுப்பவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்குமே! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படி 3இல் தேவைப்படும்.

படி 2: வெற்று வரைபடம், அதில் இரண்டு செய்திகள்

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டே செய்திகளை எழுதினால் போதும்: என்ன விளைந்தது, யார் உழைத்தார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து இருக்கும் செசபீக் விரிகுடாப் பகுதியில் புகையிலை. தெற்குக் கரோலினாவில் நெல்லும் அவுரியும். பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் கோதுமை. நியூ இங்கிலாந்தில் சிறு பண்ணைகள், மீன்பிடிப்பு, கப்பல் கட்டுதல்.

இரண்டாவது செய்தியைத் தவிர்க்கவே கூடாது. வர்ஜீனியாவில் தொடக்கத்தில் வயல் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து வந்த ஒப்பந்த வேலைக்காரர்கள். ஒரு ஆளின் கப்பல் செலவை ஏற்றவருக்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1619இலேயே ஆப்பிரிக்கர்களும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1676இல் நிலமில்லாத வெள்ளையர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நின்ற பேகன் கிளர்ச்சி ஜேம்ஸ்டவுனையே எரித்தது. அதன் பிறகு பெருந்தோட்டக்காரர்கள் மேலும் மேலும் அடிமைகளின் உழைப்பை நம்பினார்கள். 1705இல் வர்ஜீனியா அடிமைச் சட்டங்களைத் தொகுத்து இறுக்கியது. இது ஒரே கிளர்ச்சியின் விளைவு என்று எழுதிவிடாதீர்கள். ஒப்பந்த வேலைக்காரர்களின் வரத்து குறைந்ததும் காரணம். தேர்வில் இரண்டையும் சொல்லும் பிள்ளைக்குத்தான் மதிப்பெண்.

படி 3: 1763 முதல் 1776 வரை ஒரே தாளில்

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, இடது ஓரத்தில் "கடன்" என்று எழுதித் தொடங்குங்கள். பிரான்சுடன் நடந்த போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் காலனிகளிடம் வாங்க நினைத்ததிலிருந்து எல்லாம் கிளம்புகிறது: 1764 சர்க்கரைச் சட்டம், 1765 முத்திரைத்தாள் சட்டம். 1766இல் முத்திரைத்தாள் சட்டத்தை ரத்து செய்தார்கள், கூடவே "எங்களுக்கு எல்லா அதிகாரமும் உண்டு" என்று ஒரு சட்டமும் போட்டார்கள். 1767இல் தேயிலை போன்ற இறக்குமதிப் பொருட்களுக்கு வரி போட்ட டவுன்ஷெண்ட் சட்டங்கள். இந்த வரிப் பணத்தில் ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் நேரடியாகச் சம்பளம் கொடுப்பது திட்டம். படி 1இல் சொன்னது இங்கேதான் உதவும். உள்ளூர் சபையின் பிடி போய்விடும் என்று காலனிக்காரர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது உடனே புரியும்.

1773 தேயிலைச் சட்டம் பிள்ளைகளைக் குழப்பும். அந்தச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைத்தது. விலை குறைந்தால் ஏன் 342 பெட்டித் தேயிலையைப் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்ட வேண்டும்? தேங்கிக் கிடந்த சரக்கோடு தள்ளாடிய கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற, அது நேரடியாக விற்கலாம் என்று சலுகை தந்தார்கள். பழைய டவுன்ஷெண்ட் வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்ளூர் வணிகர்களின் பிழைப்பும் போகும். கம்பெனி என்றால் நமக்குத் தெரிந்த அதே கம்பெனிதான். அதேபோல அமெரிக்க விடுதலைப் போரில் 1781இல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான், பின்னால் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து 1792இல் திப்பு சுல்தானைப் பணியவைத்தவர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், பெயர் மறக்காது.

படி 4: 1781 முதல் 1789 வரை. இங்கே நிதானமாக

என் மகள் தடுமாறிய இடம் இது. சுதந்திரப் பிரகடனம் 1776, அரசியல் சட்டம் 1787. இரண்டும் அடுத்தடுத்து வந்தவை போல மனதில் பதிந்துவிடுகின்றன. நடுவில் நாட்டை நடத்திய கூட்டமைப்பு விதிகளைப் பாடப்புத்தகம் சில பக்கங்களில் கடந்துவிடும். அந்தச் சில பக்கங்கள் விளங்காவிட்டால் அரசியல் சட்டத்தில் எந்தப் பிரிவும் விளங்காது.

1777இல் ஏற்கப்பட்டு 1781இல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளில், மாநிலம் பெரியதோ சிறியதோ, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. முக்கியமான முடிவுகளுக்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும். விதியைத் திருத்த பதின்மூன்றும் வேண்டும். மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடும் மத்திய சபையான காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், அவ்வளவுதான். இறக்குமதிக்கு ஐந்து சதவீத வரி போட 1781இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ரோட் ஐலண்ட் ஒன்று மறுத்ததும் முடிந்தது கதை. 1783இல் சம்பளப் பாக்கி கேட்டுப் படைவீரர்கள் சூழ்ந்துகொண்டபோது காங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டே வெளியேறி பிரின்ஸ்டனுக்குப் போனது.

அடுத்தது 1786. மாசசூசெட்ஸ் மாநிலம் தன் போர்க் கடனை அடைக்கக் கடுமையாக வரி வசூலித்தது. கையில் காசில்லாத விவசாயிகளின் நிலம் ஏலத்துக்கு வந்தது. போரில் சண்டையிட்ட டேனியல் ஷேஸ் போன்றவர்கள் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தார்கள். அடக்கப் படை திரட்டக் காங்கிரசிடம் பணமில்லை. கடைசியில் பாஸ்டன் வணிகர்கள் கொடுத்த பணத்தில் படை கிளம்பியது. 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டத்தை எழுதியவர்களின் மனதில் என்ன இருந்திருக்கும் என்று இப்போது பிள்ளையிடம் கேளுங்கள். தானாகவே சொல்லும்.

மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணும் ஐந்தில் மூன்று பங்கு உடன்பாட்டையும் இங்கேயே படியுங்கள். அந்தப் பின்னம் முதலில் வந்தது 1783இல், மாநிலங்களுக்கு வரியைப் பங்கிடும் ஒரு திட்டத்தில். வரி என்றபோது தென்மாநிலத்தார் அடிமைகளைக் குறைவாக எண்ணச் சொன்னார்கள். 1787இல் பேச்சு பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்கு மாறியதும் முழுதாக எண்ணச் சொன்னார்கள். எண்ணப்பட்ட அந்த மனிதர்களுக்கு ஓட்டும் இல்லை, உரிமையும் இல்லை. அடிமைமுறையைத் தனிப் பாடமாக ஒதுக்கிப் படிப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டமைப்புக் காலம் முழுக்கத் தோல்வி என்று எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார். ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே புதிய மாநிலங்கள் உருவாக வழி வகுத்து, அங்கே அடிமைமுறையைத் தடை செய்த 1787 வடமேற்குச் சட்டம் அந்தக் காங்கிரசின் வேலைதான்.

படி 5: மூல ஆவணம் முதலில், சுருக்கம் பிறகு

தேர்வில் ஆவணங்களை வைத்து எழுதும் ஆவணக் கட்டுரைக்கு ஏழு ஆவணங்களைக் கொடுப்பார்கள். பழைய ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க ஒரே வழி, முன்கூட்டியே படித்துப் பழகுவது. ஃபவுண்டர்ஸ் ஆன்லைன், அவலான் ப்ராஜெக்ட் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம், இரண்டும் நம்பகமானவை. பின்னதை நடத்துவது யேல் சட்டக் கல்லூரி. பாஸ்டனில் பிறந்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் கொடுத்த நன்கொடைக்காக வைத்த பெயர் அது.

மேஃப்ளவர் கப்பலில் வந்து குடியேறியவர்கள் எழுதிய மேஃப்ளவர் ஒப்பந்தத்தில் தொடங்குங்கள், ஒரு பத்திதான். அப்புறம் சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர்மீது சொல்லும் குற்றச்சாட்டுகள். பலர் இரண்டாம் பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். தேர்வுக்குத் தேவையான விஷயம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அடுத்து அபிகெயில் ஆடம்ஸ் 1776 மார்ச்சில் கணவருக்கு எழுதிய கடிதம். கடைசியாக அரசியல் சட்டத்தை ஆதரித்து மேடிசன் எழுதிய பத்தாவது ஃபெடரலிஸ்ட் கட்டுரை. இது கடினம், இரண்டு உட்காரலில் படிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் யார், யாருக்கு, ஏன் அப்போது என்று மூன்று வரி, கையால் எழுதணும். யூடியூப் விளக்கங்களை இதற்குப் பிறகுதான் பார்க்க விடுவேன். குயிஸ்லெட் என்ற செயலியின் கேள்வி-பதில் அட்டைகள் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குப் போதும். அவை ஆண்டைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

படி 6: 1789 முதல் 1800 வரை

இதில் வேகமாகப் போகலாம். நிதியமைச்சர் ஹாமில்டனின் கடன் திட்டம், வங்கி, இரண்டு கட்சிகள், ஜான் ஆடம்ஸ் அதிபராக இருந்தபோது வெளிநாட்டவரையும் அரசை விமர்சித்தவர்களையும் குறிவைத்த 1798 சட்டங்கள், 1800 தேர்தல். ஒன்றில் மட்டும் நில்லுங்கள்: 1794 விஸ்கி கிளர்ச்சி. வரியை எதிர்த்து மறுபடியும் விவசாயிகள், ஆனால் இம்முறை அதிபர் வாஷிங்டனே சுமார் 13,000 பேர் கொண்ட படையோடு கிளம்பினார். ஷேஸ் கிளர்ச்சியையும் இதையும் அருகருகே வைத்தால் தேர்வின் நீள்கட்டுரைக்கு அருமையான சான்று கிடைக்கும்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

மாசசூசெட்ஸ் சேலத்தில் நடந்த சூனிய வழக்கு ஆவணங்களில் 1691/92 என்று இரண்டு ஆண்டுகள் இருப்பதைப் பார்த்து ஒருவர் கேட்டிருந்தார். அச்சுப் பிழை இல்லை. இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. அதனால் ஜனவரி முதல் அந்தத் தேதி வரை இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எழுதுவார்கள். இன்றைய கணக்குக்கு இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடிசன் ஃபெடரலிஸ்டா, எதிர்க்கட்சியா என்று இன்னொருவருக்குக் குழப்பம். 1788இல் அரசியல் சட்டத்தை ஆதரித்தவர்கள் ஃபெடரலிஸ்ட்கள், மேடிசன் அவர்களில் ஒருவர். 1790களில் அதே பெயரில் ஹாமில்டன் தரப்புக் கட்சியானபோது மேடிசன் அதை எதிர்த்த ஜெஃபர்சன் பக்கம் இருந்தார். குறிப்பெழுதும்போது பெயருக்குப் பக்கத்திலேயே ஆண்டையும் போடச் சொல்லுங்கள்.

ஆவணங்களின் புகைப்படத்தில் எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் போலத் தெரியும். அது அந்தக் கால நீள எஸ். படிக்கச் சிரமமாக இருந்தால், மேலே சொன்ன தளங்களில் தட்டச்சு செய்த வடிவம் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.