கடல் மட்டத்திலிருந்து சந்தக்ஃபூவுக்கு: குடும்பத்தோடு மலை நடை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ இருக்கும் வீடு கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. டார்ஜிலிங் பக்கம் சிங்காலிலா மலைமுகட்டில் உள்ள சந்தக்ஃபூ 3,636 மீட்டர். மானேபஞ்சனில் ஆரம்பித்து தும்லிங், காலிபோக்ரி வழியாக சந்தக்ஃபூ, அங்கிருந்து ஃபாலுட், பிறகு இறக்கத்தில் கோர்க்கே, ஸ்ரீகோலா என்று ஆறேழு நாள் நடை. வழியெல்லாம் தங்கும் விடுதிகள் உண்டு, டென்ட் சுமக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு போகும் முதல் நீண்ட நடைக்கு இந்தப் பாதை மிகவும் பொருத்தமானது என்பதால் இதையே உதாரணமாக வைத்துப் பேசுவோம்.

இங்கே தடுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் மலை தெரியாததால் விழுவதில்லை. கடலோரத்துப் பழக்கத்தையும் கடலோரத்துக் கணக்கையும் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு மேலே போவதால்தான் விழுகிறார்கள்.

தேதி குறிப்பதில் வரும் தப்பு

அக்டோபர், நவம்பரில் அங்கே வானம் தெளிவாக இருக்கும், காஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் தெரியும் என்று தீபாவளியை ஒட்டி டிக்கெட் போடுகிறார்கள். மலைக்கு அது நல்ல காலம்தான். ஆனால் நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரயிலும் பஸ்ஸும் என்ன பாடுபட்டன என்பது இங்கிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள், மலையில் ஒரு நாள் என்று மூன்று நாளைச் சும்மா விட்டுவைக்காமல் திட்டம் போடக் கூடாது.

வங்கக் கடலில் உருவாகும் புயல் கரையோடு முடிந்துவிடும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தப்பு. 2014 அக்டோபர் 12-ல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுத்ஹுத், இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புயல் ஆந்திரா, ஒடிசா பக்கம் திரும்பிவிட்டது என்றால் நம் ஊரில் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம். கிழக்கு இமயமலையில் நடக்கப்போகிறவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டால்தான் கவலைப்பட வேண்டும். புயல் வடக்கே போகிறது என்றால் அந்த மூன்று நான்கு நாள் முகட்டுக்கு ஏறாமல் கீழே உள்ள ஊரிலேயே தங்கிவிடுங்கள்.

ஏப்ரல், மே விடுமுறையும் நல்ல சமயம்தான். ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் மேகம் மூடும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சிங்காலிலா தேசியப் பூங்கா மூடியிருக்கும்.

பீச் ரோட்டில் நடந்தது பயிற்சி ஆகாது

புதுச்சேரி பீச் ரோடு ஏறக்குறைய ஒன்றரை கி.மீ., முழுக்கச் சமதரை. அதில் தினமும் நாலு சுற்று நடந்தால் மூச்சு பழகும், தொடை பழகாது. மலையில் முழங்காலைக் கெடுப்பது ஏற்றமல்ல, இறக்கம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. அந்த வேலையைச் சமதரையில் எவ்வளவு நடந்தாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

இதற்குப் படிதான் வழி. திருவந்திபுரம் அவுஷதகிரி ஹயக்ரீவர் சன்னதிக்கு 74 படி, உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். 25 தடவை ஏறி இறங்கினால் 300 மீட்டர் ஏற்றமும் 300 மீட்டர் இறக்கமும் கணக்கில் சேரும். கூட்டமில்லாத வார நாள் காலையில், பக்தர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் செய்யலாம். அங்கே வெறுங்காலோடுதான் ஏற வேண்டும் என்பதால் ஷூவைப் பழக்க வேறு படிக்கட்டு பார்க்க வேண்டும். மூன்று மாடி வீட்டு மொட்டை மாடிப் படியே போதும், தோளில் பை இருந்தால் சரி. மாதம் ஒரு முறை செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு முழுச் சுமையோடு ஏறி இறங்குங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ., நாள் முழுக்க நடக்கும் பொறுமைக்கு நல்ல பழக்கம். ஆனால் அதுவும் சமதரைதான். பன்னிரண்டு வாரமாவது வேண்டும். கடைசி ஒரு வாரம் சுமை தூக்காமல் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

பயிற்சிக்கென்று அனுமதி வாங்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் காட்டுத்தீயில் பறிபோன உயிர்களை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டு வனப் பாதைகளுக்கு 2024 அக்டோபர் முதல் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்யலாம்.

பரணில் இருந்த ஷூ

இந்தத் தவறு கடலோர வீடுகளுக்கே உரியது. நாலைந்து வருஷம் முன்பு வாங்கி, இரண்டு தடவை போட்டு, பெட்டியோடு பரணில் ஏற்றிய ட்ரெக்கிங் ஷூ வெளிப் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும். கால் படும் அட்டைக்கும் அடியில் உள்ள ரப்பருக்கும் நடுவே மெத்தென்ற ஒரு அடுக்கு இருக்கிறது. நிறைய ஷூக்களில் அது பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதை மெல்லச் சிதைக்கும். வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். போடாமல் வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் போடாமல் கிடக்கும் ஷூவும் கெட்டுப்போகும்.

பார்க்கும் விதம் இதுதான். ஷூவைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் அந்த நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கித் திரும்ப வந்தால் நல்லது. மயிரிழை போல விரிசல் தெரிந்தாலோ, நகத்தால் கீறினால் பழைய ரஸ்க் மாதிரி பொடி உதிர்ந்தாலோ அதை நம்பக் கூடாது. பிறகு முன்பக்கத்தை நன்றாக வளைத்து, ரப்பர் பிரிந்து வாய் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறினாலும் 10 கி.மீ. நடந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். இதில் சோம்பினால், இரண்டாம் நாள் கல்பாதையில் அடிப்பாகம் முழுசாகக் கழன்று வரும். அங்கே பிள்ளை அளவுக்கு ஷூ வாங்கக் கடை கிடையாது.

புது ஷூ வாங்குவதானால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு போய் வாங்குங்கள். வருஷம் முழுக்கச் செருப்பில் பழகிய நம் கால் முன்பக்கம் அகலமாக இருக்கும், அதனால் அகலமான மாதிரியாகக் கேளுங்கள். விரல் முன்னால் முட்டும்படி காலைத் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துப்போகும். வளரும் பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும். ஐம்பது கி.மீ. நடந்து பழகாத ஷூ மலைக்கு வேண்டாம்.

கொப்புளம் வந்த பிறகு மருந்து தேடுவது இன்னொரு தப்பு. காலில் ஒரு இடம் சூடாக உறுத்துகிறது என்று பிள்ளை சொன்ன நிமிஷமே நின்று, ஷூவைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, துணி பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் மூன்று நாள் நொண்ட வேண்டியிருக்கும்.

சுமை

பெரியவர்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்கக் கூடாது. 60 கிலோ உடம்புக்கு 12 கிலோ உச்சம், விடுதிகள் உள்ள பாதையில் 8 கிலோவே போதும். பத்து வயசில் 30 கிலோ இருக்கும் பிள்ளைக்கு 3 கிலோ: தன் ஜாக்கெட், தண்ணீர், தின்பண்டம். அப்பா பாவம் என்று பிள்ளைகளுக்கு அதிகம் கொடுப்பதும் தப்பு, பிள்ளைகள் பாவம் என்று அப்பாவே எல்லாவற்றையும் தூக்குவதும் தப்பு. முழங்கால் போனால் குடும்பமே நிற்கும்.

பேக்பேக்கை நிறைய பேர் பள்ளிக்கூடப் பை மாதிரி தோளில் தொங்கவிடுகிறார்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேட்டில் உட்காரவைத்து இறுக்குங்கள். பிறகு தோள் வார், கடைசியாக நெஞ்சுப் பட்டை. பாரத்தில் பெரும்பங்கு இடுப்பில் இறங்கியிருக்கும். கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். மேலே போடும் மழை உறை முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளேயே ஒரு பெரிய தடித்த பாலித்தீன் கவரை விரித்து அதற்குள் துணிகளை வைத்தால் ஒரு சொட்டு போகாது.

பனியன், ஜீன்ஸ், பருத்திச் சட்டை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த பருத்தி அந்தக் குளிரில் காயவே காயாது. பாலியஸ்டர் டி-ஷர்ட், அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற கதகதப்பு மேல்சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் போதும். நின்றவுடன் ஃப்ளீஸைப் போடுங்கள், குளிர ஆரம்பித்த பிறகு அல்ல.

அரிசி மூட்டை

விடுதிகளில் சோறும் பருப்பும் நூடுல்ஸும் கிடைக்கும். இருந்தும் ஐந்து கிலோ அரிசி, துவரம்பருப்பு, ஸ்டவ் என்று சுமந்து போகிறார்கள். 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது என்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, கேஸ்தான் தீரும். கேஸ் சிலிண்டரை ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது, விமானத்திலும் கூடாது.

கொண்டுபோக வேண்டியது ருசி. நாலு பேருக்கு ஆறு நாளுக்குப் பருப்புப் பொடி 200 கிராம், புளிக்காய்ச்சல் 250 கிராம், நல்லெண்ணெய் 100 மி.லி. தேங்காயெண்ணெய் குளிரில் கட்டியாகிவிடும். உயரத்தில் பசி மந்தமாகும். பிள்ளைகளுக்குத் தெரியாத சாப்பாடு தொண்டையில் இறங்காது, பொடி தூவிய சோறு இறங்கும். நடக்கும்போது கொறிக்கத் தலைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் பண்ருட்டி முந்திரி, கடலைமிட்டாய், பேரீச்சை. பசிக்கும்போது கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் மணிக்கு ஒரு தடவை கையில் கொடுங்கள். பிள்ளை காரணமில்லாமல் அழுதால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பசியைத்தான்.

குளிரில் தாகம் தெரியாது. பெரியவர்களுக்கு நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய அரை லிட்டர் தேவை, சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். ஓடைத் தண்ணீரை 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும்.

கி.மீ. கணக்கு

கடலூரில் ஒரு மணியில் 5 கி.மீ. நடப்பவர், சந்தக்ஃபூ முதல் ஃபாலுட் வரை 21 கி.மீ. என்றதும் நாலு மணி நேரம் என்று போட்டுவிடுகிறார். 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி என்பது பெரியவர்களுக்கான பழைய கணக்கு. பிள்ளைகள் இருந்தால் வருவதை ஒன்றரையால் பெருக்கி, நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள். 12 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் பெரியவர்களுக்கு நாலு மணி, குடும்பத்துக்கு ஏழு மணி. அந்த 21 கி.மீ. முகட்டில் நடுவே கடை, தண்ணீர் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு விடியலில் கிளம்ப வேண்டும்.

அங்கே நவம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். இரண்டு மணிக்குள் விடுதி சேர்வதுபோல் நாளை அமையுங்கள். வரிசையில் சின்னப் பிள்ளை முன்னால் நடக்கட்டும். பெரியவர்கள் முன்னால் போய் நின்று காத்திருந்து, பிள்ளை வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பினால் பிள்ளைக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை.

ஜீப்பில் ஏறிவிடுவது

மிகவும் ஆபத்தான தப்பு இதுதான். பிள்ளைகள் களைத்துவிட்டார்கள் என்று மானேபஞ்சனிலிருந்து நேராக ஜீப் பிடித்து அன்றைக்கே சந்தக்ஃபூவில் படுப்பது. சில மணி நேரத்தில் ஏறக்குறைய 1,500 முதல் 1,700 மீட்டர் உயர்வு. 3,600 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், உடம்பு அதற்குப் பழகச் சில நாளாகும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தும்லிங், காலிபோக்ரி, சந்தக்ஃபூ என்று இரவு தங்கினால் இது தானாகவே அமையும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் அறிகுறிகள். சின்னப் பிள்ளைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. விளையாடாமல் ஒதுங்குவது, பிடித்த பண்டத்தைத் தள்ளுவது, சாப்பிடக் கொடுத்தும் நிற்காத சிணுங்கல் எல்லாவற்றையும் உயர நோயாகவே எடுத்துக்கொண்டு அன்று மேலே ஏறாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்வதுபோல் குதிகாலை விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு தடவை செய்துபார்த்து வைத்தால் ஒப்பிடச் சுலபம். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும், ஜீப் அதற்குத்தான். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பாதை இடையிடையே நேபாளத்துக்குள் போய்வரும், சோதனைச் சாவடிகள் உண்டு. பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும், வழிகாட்டியும் கட்டாயம்.

திரும்பி வந்த பிறகு

களைப்பில் பையைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிட்டால் நம் ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். ஸ்லீப்பிங் பேக்கை நிழலில் இரண்டு நாள் காயவைத்து, அதன் சின்ன உறைக்குள் அமுக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாக வையுங்கள். ஷூவை மொட்டை மாடி வெயிலில் போடாமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்குக் கீழே உலர்த்துங்கள். ஜிப்புகளில் உப்புக்காற்றுத் துரு ஏறாமல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடலாம். பரணில் ஏற்ற வேண்டாம், அலமாரியில் காற்றுப்படும்படி இருக்கட்டும், மாதம் ஒரு முறை அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வாருங்கள்.