உங்கள் படம் இன்னொரு நாட்டில் ஓட வேண்டுமானால்

பொதுச் சேவை ஒளிபரப்பு நிறுவனங்களிடம் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் ஒரே ஒரு குறும்படம் எடுத்துப் பொதுவில் வைக்கும். மற்றவர்கள் வைத்த அத்தனையையும் தன் மொழியில் ஒளிபரப்பிக்கொள்ளும். பணம் கைமாறுவதில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் சிறுவர் ஆவணப்படங்களை இப்படிப் பகிர்கிறது. 1964இல் தொடங்கிய ஆசிய-பசிபிக் ஒளிபரப்பு ஒன்றியத்திலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. இந்த வகைப் படங்களைத்தான் நான் எடுக்கிறேன். ஒரு சிறுமியின் ஒரு நாள் வாழ்க்கையை ஐந்தாறு நாட்டுப் பிள்ளைகள் தங்கள் மொழியில் பார்ப்பதைவிட இந்த வேலையில் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை.

எடிட்டிங் முடிந்தபின் வெளிநாட்டுப் பிரதியை யோசித்தால் தாமதம். படப்பிடிப்புக்கு முன்பே யோசியுங்கள்.

முதலில் இசை. ஒருமுறை ஒரு பையன் ஆடும் காட்சி அற்புதமாக வந்தது, ஆனால் பின்னால் யாருடைய போனிலோ சினிமாப் பாட்டு. எங்கள் நாட்டு ஒளிபரப்புக்கு உரிமை இருந்தது, மற்ற நாடுகளுக்கு இல்லை. படத்தின் உயிரையே வெட்ட வேண்டியதாயிற்று. அன்று முதல், கேமராவை ஓடவிடும் முன் சுற்றிலும் பாட்டு கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறேன். பெற்றோரிடம் வாங்கும் சம்மதக் கடிதத்திலும் "எல்லா நாடுகளிலும், இணையத்திலும்" என்று தெளிவாக இருக்கட்டும்.

அப்புறம் ஒலி. பேச்சு, வர்ணனை, இசை, சூழல் ஒலி நான்கையும் தனித்தனி டிராக்கில் கொடுங்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டால், வர்ணனையை எடுக்கும்போது பறவைச் சத்தமும் போய்விடும். வர்ணனையை நெருக்கி எழுதாதீர்கள். உங்கள் மொழியில் நான்கு நொடியில் சொல்வதற்கு இன்னொரு மொழியில் ஆறு நொடி தேவைப்படலாம். குழந்தை பேச ஆரம்பித்ததும் அதன் சொந்தக் குரல் ஓரிரு நொடியாவது கேட்கட்டும், பிறகு மொழிபெயர்ப்புக் குரல் வரலாம்.

திரையில் எழுத்தே இல்லாத பிரதி ஒன்றும் வேண்டும். டைம்கோடு (ஒவ்வொரு வரியும் படத்தில் எந்த நேரத்தில் வருகிறது என்ற குறிப்பு) போட்ட முழு ஸ்கிரிப்ட், பெயர்களின் உச்சரிப்பு, இவையும் கூடவே போக வேண்டும். ஃபிரேம் கணக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பதை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவில் நொடிக்கு 25, ஜப்பானில் 29.97.

அனுப்புவதற்கு முன் வர்ணனையை அணைத்துவிட்டு, உங்கள் மொழி தெரியாத ஒருவரிடம் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அவர் எங்கே முழிக்கிறாரோ, அந்த இடத்தை மறுபடி வெட்டுங்கள்.