“ஒண்டுமில்லையக்கா” என்று அவள் சொன்னால் நம்புங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் தங்கை முதன்முதலாக வலிப்பு வந்து விழுந்தபோது நான் செய்தவற்றில் பாதிக்கு மேல் பிழை. கையில் வீட்டுத் திறப்பைத் திணித்தேன். தோளை அமுக்கிப் பிடித்தேன். அவள் எழும்பியதும், “என்னடி யோசிச்சனி? சொல்லு” என்று விடாமல் கேட்டேன். “ஒண்டுமில்லையக்கா, ஒரு மாதிரிக் கிடந்தது” என்றாள். எதையோ மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திறப்பையும் தோளையும் விட அந்த நினைப்புத்தான் அவளை அதிகம் நோகடித்தது.

அவளுக்கு இருப்பதை டொக்டர்மார் டிஸோசியேட்டிவ் சீஷர் என்கிறார்கள். விலகல் வலிப்பு என்று சொல்லலாம். பார்வைக்கு எபிலெப்சி மாதிரியே இருக்கும், ஆனால் எபிலெப்சியில் மூளையில் ஏற்படும் மின்கோளாறு இதில் இல்லை. உடம்பில் பதற்றம் ஏறி எல்லை மீறும்போது, அவளைக் கேட்காமலே நினைவு விலகிவிடுகிறது. “நடிப்பு” என்று சொல்வதும், கிள்ளிப் பார்ப்பதும், கையைத் தூக்கி முகத்தில் விழவிட்டுச் சோதிப்பதும் கொடுமை. அதை அவளால் நினைத்து வரவழைக்கவும் முடியாது, நினைத்து நிறுத்தவும் முடியாது.

“ஒரு மாதிரி” என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். லண்டனில் லோரா கோல்ட்ஸ்டீனும் ஜோன் மெல்லர்ஸும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகள் வலிப்பின்போது நெஞ்சு படபடப்பு, மூச்சுமுட்டல், வியர்வை போன்ற பயத்தின் உடல் அடையாளங்களை எபிலெப்சி உள்ளவர்களை விட அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் “பயமாக இருந்தது” என்று அவர்களை விட அதிகமாகச் சொல்லவில்லை. உடம்பு பயப்படுகிறது, அந்தப் பயம் பயமாக மனதுக்கு வந்து சேரவில்லை. உணர்வுக்குப் பெயர் வைக்க முடியாத இந்த நிலை எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு உண்டு. ஆகவே “ஒண்டுமில்லை” என்பது பொய் இல்லை. அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அது உண்மை.

நான் கேள்வியை மாற்றினேன். “என்ன கவலை?” என்பதை விட்டு “உடம்பில எங்க?” என்று கேட்டேன். தங்கை யோசித்து, “தொண்டை இறுகுது. இடது கை விரல் குளிருது” என்றாள். பல வாரம் இப்படியே போனது. ஒருநாள் போனில் மாமி கலியாணப் பேச்சை எடுத்து முடித்த பிறகு, துவாயை மடித்து மடித்துப் பிரித்தபடி, “அக்கா, இது கோபம் போல” என்றாள். வீட்டில் அவள் தன் கோபத்துக்குப் பெயர் வைத்து நான் கேட்டது அன்றுதான்.

“அழாதே, யோசிக்காதே” என்று நாங்கள் பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் உணர்வை ஒதுக்கி ஒதுக்கியே பழகிய ஒருவருக்கு அது இன்னும் ஒதுக்கச் சொல்வதாகிவிடும். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் காரணம் தேடத் தொடங்கினால் 83ஆம் ஆண்டும் 2009ஆம் ஆண்டும் உடனே வாயில் வந்துவிடும். பழைய காயம் பலரிடம் இருப்பது உண்மை, ஆனால் எல்லோரிடமும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவோம் என்று சாப்பாட்டு மேசையில் விசாரணை நடத்தாதீர்கள். காயம் இருந்தால் அது சிகிச்சை அறையில், அவளுடைய வேகத்தில் வெளியே வரட்டும்.

கிளினிக்கில் நான் செய்த பிழை மொழிபெயர்ப்பு. டொக்டர் சிங்களத்தில் கேட்டார், தங்கை தமிழில் நீளமாகச் சொன்னாள், நான் “பயமாம்” என்று ஒரு சொல்லில் முடித்தேன். அவள் பயம் என்று சொல்லவே இல்லை. முடிந்தவரை தமிழ் தெரிந்த டொக்டரையோ ஆலோசகரையோ கேட்டுப் பெறுங்கள். இல்லாவிட்டால் அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், நீங்கள் அர்த்தம் வைக்காதீர்கள்.

மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈஈஜி சோதனை சரியாக வந்தால் “ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு வந்துவிடுவதும் பிழைதான். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈஈஜி எபிலெப்சி உள்ளவர்களுக்கும் சரியாகவே வரலாம். வலிப்பு நடக்கும்போதே வீடியோவோடு எடுக்கும் ஈஈஜிதான் உறுதியாகச் சொல்லும். அது கிடைக்கும்வரை போனில் எடுத்த வீடியோவும் டொக்டருக்குப் பெரிய உதவி: கண் மூடியிருந்ததா, தலை இரு பக்கமும் ஆடியதா, எத்தனை நிமிடம். சிலருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும். அதனால் வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சைதான். பிரிட்டனில் 368 பேரோடு நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வில், நடத்தைசார் சிந்தனைச் சிகிச்சை (CBT) என்ற வகைப் பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 12 மாத முடிவில் வலிப்பின் எண்ணிக்கை மற்றவர்களை விடத் தெளிவாகக் குறையவில்லை. ஆனால் வலிப்பில்லாமல் இருந்த நாட்கள் நீண்டன, வாழ்க்கை இலகுவானது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மாற்றம் கண்ணில் படாது.

வலிப்பு வந்தால் சுற்றியிருக்கும் கூரான, கடினமான பொருட்களை விலக்கி, தலைக்குக் கீழே மெத்தென்ற ஏதாவது ஒன்று வைத்து, மெல்லிய குரலில் “நான் இங்கதான் இருக்கிறன்” என்று சொல்லுங்கள். வாயில் எதுவும் வைக்க வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். என்ன வலிப்பு என்று தெரியாமல் ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அடிபட்டாலோ, மூச்சு சரியில்லை என்று தோன்றினாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மனம் கனக்கும் இரவுகளில் பேச, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.